தொழுநோயாளர் நடுவே கிறிஸ்தவத் தொண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்தில் இரக்கத்தைப் பற்றிப் பேசினால், கூட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பார்கள். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இரக்கத்தைப் பொதுவாகப் பேசினால் அது நல்ல வார்த்தையாகவே நின்றுவிடும். அதனால் ஒரே ஒரு களத்தை எடுத்துக்கொண்டேன்: தொழுநோய். அதிலும் நம் ஊருக்குப் பக்கத்திலேயே, வேலூரில் நடந்த வேலையைப் பற்றி அதிகம் சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்தவ இரக்கம் என்று தனியாக ஒன்று உண்டா? எல்லா மதமும் இதைத்தானே சொல்கிறது?

இரக்கம் எந்த மதத்துக்கும் தனிச்சொத்து இல்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. பசித்தவருக்குச் சோறிடச் சொல்லாத மதமும் இல்லை.

கிறிஸ்தவர் எதற்காக இதைச் செய்கிறார் என்பதில்தான் கொஞ்சம் வேறுபாடு. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இயேசு, பசியாயிருந்தவனாக, வியாதியாயிருந்தவனாக, காவலில் இருந்தவனாகத் தம்மையே சொல்கிறார். மிகவும் சிறியவர் ஒருவருக்குச் செய்தது தமக்கே செய்தது என்கிறார். அப்படியென்றால் உதவி செய்பவர் மேலே நின்று கீழே கொடுப்பவர் அல்ல. எதிரே இருப்பவரிடம் தன் ஆண்டவரைப் பார்க்கப் போகிறவர்.

இன்னொன்று. நல்ல சமாரியன் கதையை நாம் மனம் இளகிய ஒருவனின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். லூக்கா 10-ஐத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அவன் கிட்ட வருகிறான், காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான், கட்டுப் போடுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்தில் இரவு கூட இருந்து பார்த்துக்கொள்கிறான், மறுநாள் இரண்டு பணம் கொடுக்கிறான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறான். உருகுவதற்கு ஒரே ஒரு சொல்தான். மீதி எல்லாம் வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

இயேசு தொழுநோயாளியைத் தொட்டதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறோம்?

குணமாக்குவதற்குத் தொட வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. லூக்கா 17-இல் பத்துப் பேர் தூரத்தில் நின்றே கூப்பிடுகிறார்கள், அவர் ஒரு வார்த்தைதான் சொல்கிறார், போகிற வழியிலேயே குணமாகிறார்கள். ஆனால் மாற்கு 1-இல் வருகிறவரை அவர் கை நீட்டித் தொடுகிறார். லேவியராகமச் சட்டப்படி அந்த மனிதர் பாளயத்துக்கு வெளியே குடியிருந்து, எதிரே யாராவது வந்தால் தன்னைத் தீட்டு என்று தானே சத்தமிட வேண்டியவர். யாரும் தன்னைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே மறந்திருக்கும். அந்தத் தொடுதல் தோல் நோய்க்கு அல்ல, மற்றதற்கு.

தொழுநோய் பாவத்துக்கு வந்த தண்டனை என்று எங்கள் பாட்டி சொல்வார்கள். வேதத்திலும் அப்படித்தானே இருக்கிறது?

இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு நேராகவே சொன்னார் (யோவான் 9). 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் இந்த நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்தார். காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி அது. காசநோயைச் சாபம் என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. பாட்டியிடம் மரியாதையாகவே எடுத்துச் சொல்லலாம்.

தந்தை தமியான் யார்? கத்தோலிக்கர்கள் அடிக்கடி அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

பெல்ஜியத்தில் 1840-இல் பிறந்த குரு. ஹவாய்த் தீவுகளில் தொழுநோய் பரவியபோது, 1865-இல் அங்கே ஒரு சட்டம் போட்டு, நோயாளிகளை மொலோக்காய் தீவின் கலாவ்பாப்பா முனைக்கு நாடு கடத்தத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மற்றப் பக்கங்களில் கடல். போனவர்கள் திரும்பி வர முடியாது. நான்கு குருக்கள் மாறிமாறிப் போய் வருவதாகத்தான் முதலில் ஏற்பாடு. 1873 மே மாதம் முதல் ஆளாகப் போன தமியான், அங்கேயே இருந்துவிட அனுமதி கேட்டார்.

அவர் அங்கே ஜெபம் மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் போட்டார், புண்களுக்கு மருந்து கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார். பிரசங்கத்தில் "தொழுநோயாளிகளாகிய நாம்" என்றே பேசுவதாகத் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு நோய் வந்திருக்கவில்லை. 1884 டிசம்பரில் கொதிநீரில் கால் வைத்தபோது சூடு தெரியவில்லை. உணர்வு போவது இந்த நோயின் அடையாளம். 1889 ஏப்ரல் 15-ஆம் தேதி இறந்தார். 2009-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அப்படியென்றால் நோயை வாங்கிக்கொண்டு சாவதுதான் உண்மையான தியாகமா?

இந்தக் கேள்வியை இளைஞர்கள் கேட்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். ஏனென்றால் சிலர் ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள்.

தமியானுக்கு அடுத்து அதே தீவுக்குப் போன மரியான் கோப் என்ற கன்னியரைப் பாருங்கள். 1883-இல் ஹவாய்க்கு வந்து, 1888-இல் கலாவ்பாப்பாவில் குடியேறி, 1918-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். தன்னோடு வந்த சகோதரிகளில் யாருக்கும் இந்த நோய் வராது என்று உறுதியாகச் சொன்னார். கை கழுவுவதில், சுத்தத்தில் அவ்வளவு கண்டிப்பு. ஒருவருக்கும் வரவில்லை. அவரும் 2012-இல் புனிதராக்கப்பட்டார். இருவருமே தங்கள் வாழ்நாளைக் கொடுத்தவர்கள்தான். ஆனால் இன்றைக்குச் சேவைக்கு வருகிற ஒருவர் பார்த்துப் பழக வேண்டிய ஆள் மரியான் என்பது என் எண்ணம்.

வேலூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறைய. ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்க மிஷனரி மருத்துவர் குடும்பம். அவருக்கு மிஷனரி ஆகும் எண்ணமே இல்லை. தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவருக்கும் மனைவி பிரசவ வேதனையில். ஆண் மருத்துவர் தொடக் கூடாது, இந்தப் பெண் வரவேண்டும் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அவர் அன்றைக்கு அழுததோடு நிறுத்தியிருந்தால் இன்று நாம் அவர் பெயரைச் சொல்லமாட்டோம். திரும்பிப் போய் மருத்துவம் படித்தார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை, 1909-இல் செவிலியர் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்யவே வந்தேன் என்று மாற்கு 10-இல் இயேசு சொன்னதே அதன் குறிக்கோள் வாசகம்.

ஐடா அம்மையார் மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிக் கிராமங்களுக்குப் போவார். முதலில் மாட்டுவண்டி, பிறகு கார். சாலையோர மரத்தடியில் வண்டி நிற்கும், ஜனங்கள் காத்திருப்பார்கள். அந்த வரிசைகளில் தொழுநோயாளர்களும் நின்றார்கள். வேலூர் வட்டாரத்தில் அன்றைக்கு இந்த நோய் மிக அதிகம்.

வேலூரில் வேலை செய்த மருத்துவர் பால் பிராண்ட் அப்படி என்ன செய்தார்?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அன்பும் அறிவும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பிராண்ட் 1914-இல் பிறந்தவர். அவருடைய பெற்றோர் கொல்லிமலையில் ஊழியம் செய்தவர்கள். இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சை படித்துவிட்டு 1946-இல் வேலூர் வந்தார். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை, தொழுநோய் மருத்துவரான ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். எங்கே பார்த்தாலும் மடங்கிப்போன கைகள். இந்தக் கைகளை ஏன் யாரும் ஆபரேஷன் செய்து சரிசெய்யவில்லை என்று பிராண்ட் கேட்டார். எலும்பு மருத்துவர் யாரும் இந்தப் பக்கமே வந்ததில்லை என்பதுதான் பதில்.

ஒரு நோயாளியிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பலமில்லாத கை என்று நினைத்தால், பிடி இரும்புப் பிடி, நகம் பதிந்து வலித்தது. அவருக்கு அங்கேயே விஷயம் பிடிபட்டது. கையின் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. சில நரம்புகள் மட்டும் செயலிழந்ததால் விரல்கள் மடங்கியிருக்கின்றன. முழங்கைப் பக்கத்துத் தசைகள் நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் இணைத்தால் விரல் நிமிரும்.

பொது மருத்துவமனையில் தொழுநோயாளர்களைச் சேர்த்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள் என்ற பயம் அன்றைக்கு வேலூரிலும் இருந்தது. அதனால் சிறிய இடத்தில்தான் வேலை தொடங்கியது. மாதக்கணக்கில் படித்து, பரிசோதித்து, 1948 வாக்கில் கை அறுவைச் சிகிச்சைகள் ஆரம்பமாயின. ஆபரேஷன் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. புதிய இடத்தில் இணைத்த தசையை எப்படி அசைப்பது என்று நோயாளி குழந்தைபோலப் பழக வேண்டும். தினமும் கூட உட்கார்ந்து பயிற்சி கொடுக்க ஆட்கள் வேண்டும்.

விரல்கள் அழுகி விழுவது நோயினால் இல்லையா?

பிராண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இங்கேதான். அதுவரை மருத்துவர்களே, தொழுநோயில் சதை தானாக அழுகும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான சிறுவன் ஒருவன் வந்து சாவியை ஒரே திருகலில் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருக்கிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியிருப்பார். மண்வெட்டிப் பிடியில் ஆணி துருத்திக்கொண்டிருந்திருக்கும். செருப்புக்குள் கல் கிடந்திருக்கும், நாள் முழுவதும் அதன் மேலேயே நடந்திருப்பார். சிலருக்குக் காலையில் எழுந்து பார்த்தால் விரல் குறைந்துபோய் இருந்தது. ஒளிந்திருந்து கவனித்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதன் பிறகு நோயாளர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

நோய் தின்னவில்லை, வலி தெரியாததால்தான் கையும் காலும் போகின்றன என்று புரிந்ததும் எல்லாமே மாறியது. தடுக்கலாம் என்று ஆனது. தினமும் கைகால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பது, தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் பூசுவது, மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடுவது என்று எளிய வழிகள் வந்தன. இன்று சர்க்கரை நோயாளிகளுக்குக் காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்த அறிவில் பெரும்பங்கு இந்தத் தொழுநோய் வார்டுகளிலிருந்து போனதுதான். யாரும் தொடத் தயங்கிய மனிதர்களின் காலடியில் உட்கார்ந்து கற்றது, இப்போது நம் வீட்டு அப்பா அம்மாவின் காலைக் காப்பாற்றுகிறது.

அவருடைய மனைவி மார்கரெட் பிராண்ட் கண்களைப் பார்த்துக்கொண்டார். முகநரம்பு செயலிழந்தால் இமை மூடாது, கண் காய்ந்து பார்வை போய்விடும். மெல்லுவதற்குப் பயன்படும் தசையில் ஒரு பகுதியை எடுத்து இமையோடு இணைப்பார்கள். வாயை அசைத்து மென்றால் கண் மூடும்.

கை சரியானால் போதுமே, அதற்கு மேல் என்ன?

போதவில்லை. கை நன்றாக நிமிர்ந்த சிலர் கொஞ்ச நாளில் திரும்பி வந்து வருத்தப்பட்டார்களாம். மடங்கிய கையைப் பார்த்தால் ஜனங்கள் காசு போட்டார்கள், இப்போது பிச்சையும் கிடைப்பதில்லை, பழைய நோயாளி என்பதால் வேலையும் கிடைப்பதில்லை, நாங்கள் எப்படிப் பிழைப்பது? பிராண்ட் இதை நன்றி இல்லாத பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் நவ ஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவானது. தச்சு வேலை, மரப்பொம்மை செய்வது என்று அங்கே தொழில் பழகினார்கள். புதிய கையை எப்படிக் காயப்படுத்தாமல் பயன்படுத்துவது என்பதையும் அங்கேதான் கற்றார்கள். 1955-இல் பக்கத்திலேயே கரிகிரியில் தொழுநோய்க்கென்றே சிகிச்சையும் ஆராய்ச்சியும் பயிற்சியும் சேர்ந்த மையம் தொடங்கியது. இன்றும் நடக்கிறது.

உதவி பெற்றவர் வந்து "இது எனக்குப் பயன்படவில்லை" என்று சொன்னால் அதை உட்கார்ந்து கேட்கிற பொறுமை இருக்கிறதே, என் பார்வையில் இரக்கத்தின் கடினமான பகுதி அதுதான்.

உடல் குறை உள்ளவர்களால் சேவை செய்ய முடியுமா?

மேரி வர்கீஸ் கேரளத்தில் பிறந்து, வேலூரில் படித்த மருத்துவர். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளர்களின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்து செய்ய முடியும் என்று ஊக்கம் கொடுத்தவர் பிராண்ட். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அதற்கென்று தனித் துறையையே நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முடியுமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மிஷனரிகள் இதையெல்லாம் மதம் மாற்றத்தானே செய்தார்கள்?

நேரடியான கேள்வி, நேரடியாகவே பதில் சொல்ல வேண்டும். அவர்கள் நற்செய்தி சொல்வதை மறைக்கவில்லை. வார்டுகளில் ஜெபம் நடந்தது, வேதம் வாசித்தார்கள், சிலர் விரும்பி ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் "நீ மாறினால்தான் மருந்து" என்று எங்காவது யாராவது சொல்லியிருந்தால், அது தவறு. கிறிஸ்தவ நம்பிக்கையின்படியே தவறு. இயேசு குணமாக்கிய பத்துப் பேரில் ஒருவன் சமாரியன். முதலில் எங்கள் மதத்துக்கு வா என்று அவனிடம் அவர் சொல்லவில்லை. இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள் என்றுதான் சீஷர்களுக்குச் சொன்னார். கைமாறு எதிர்பார்த்துக் கொடுப்பது வியாபாரம். அந்தக் கைமாறு ஆத்துமாவாக இருந்தாலும் சரி.

இன்று ஒரு சபை சேவைக்குப் போனால், கேட்காதவரிடம் கைப்பிரதி திணிக்க வேண்டாம். ஏன் வந்தீர்கள் என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

பழைய தொழுநோய் இல்லங்களில் தவறுகள் நடக்கவில்லையா?

நடந்தன. பல இல்லங்களில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக வைத்தார்கள், கணவன் மனைவியைக்கூடப் பிரித்தார்கள், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்து வேறு விடுதியில் வளர்த்தார்கள். மருந்து இல்லாத காலத்து அச்சம் அது என்று ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் பிள்ளையைப் பிரிந்த தாய்க்கு அது ஆறுதல் ஆகாது. கலாவ்பாப்பாவிலும், கட்டாயத் தனிமைச் சட்டம் 1969 வரை நீடித்தது. அப்போது மருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் நாட்டில் 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயர் சட்டம் 2016-இல்தான் ரத்தானது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு 2019-இல்தான் நீக்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடு செய்த காரியமும் மனிதரைக் காயப்படுத்தும். சேவைக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இந்த வேலையைச் செய்திருக்கிறார்களே?

நிச்சயமாக. காந்தியடிகள் சேவாகிராமத்தில் தொழுநோயால் பாதிக்கப்பட்ட பர்ச்சுரே சாஸ்திரியைத் தன் கையாலேயே பராமரித்தார். காந்தியடிகளின் நினைவு நாளான ஜனவரி 30-தான் நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாள். மகாராஷ்டிரத்தில் பாபா ஆம்தேயின் ஆனந்தவனம் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் டி.என். ஜகதீசன், தானே இந்த நோயை அனுபவித்தவர், ஆங்கில ஆசிரியராக இருந்தவர், விழுப்புரம் பக்கம் மழவந்தாங்கலில் கஸ்தூர்பா குஷ்ட நிவாரண நிலையம் உருவாகக் காரணமானவர். இவர்களோடு சேர்ந்து வேலை செய்வதில் கிறிஸ்தவருக்கு எந்தத் தயக்கமும் இருக்க வேண்டியதில்லை.

தொழுநோய் ஒழிந்துவிட்டதாக அரசாங்கமே சொன்னதே?

2005 டிசம்பரில் இந்தியா அறிவித்தது, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டிவிட்டதை. நோய் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள், சுமார் ஒரு லட்சம் பேர். அறிவிப்புக்குப் பிறகு பலரின் கவனம் குறைந்தது, நன்கொடையும் குறைந்தது. இன்னொரு பக்கம், முன்பு குணமான ஆயிரக்கணக்கானவர்கள் உணர்வற்ற கைகால்களோடு முதுமையில் இருக்கிறார்கள். கிருமி போய்விட்டது, புண் போகவில்லை. இவர்களுக்கு ஆயுள் முழுக்கச் செருப்பும் கட்டும் கவனிப்பும் வேண்டும்.

தொட்டால் ஒட்டுமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தொட்டாலோ, கை குலுக்கினாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால், இருமல் தும்மல் வழியாகத்தான் பரவ வாய்ப்பு. அப்போதும் பெரும்பாலான மனிதர்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு. மருந்து தொடங்கிவிட்டால் பரப்பும் தன்மை விரைவிலேயே போய்விடும். மறுவாழ்வு இல்லங்களில் நீங்கள் பார்க்கும் முதியவர்கள் என்றோ குணமானவர்கள். பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். போவதற்கு முன் வெறித்துப் பார்க்காதே, முகம் சுளிக்காதே என்று சொல்லிக் கொடுங்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தாத்தா, பாட்டி என்று கூப்பிடச் சொல்லுங்கள்.

எங்கள் சபையிலிருந்து ஒரு மறுவாழ்வு இல்லத்துக்குப் போக நினைக்கிறோம். எப்படிப் போவது?

முதலில் போன் போட்டு என்ன தேவை என்று கேளுங்கள். கேட்காமல் போகிறவர்கள் எல்லோரும் போர்வையும் பிரியாணியும் கொண்டுபோகிறார்கள், அதுவும் டிசம்பர் மாதத்தில். அந்த ஒரு மாதம் இல்லத்தில் போர்வை குவிந்திருக்கும். ஜூன் மாதத்தில் கட்டுத்துணி இருக்காது.

பொதுவாக எப்போதும் தேவைப்படுகிறவை: சுத்தமான பஞ்சு, கட்டுத்துணி, எண்ணெய், சரியான அளவில் எம்.சி.ஆர். செருப்பு, பெரியவர்களுக்கான டயப்பர், கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வண்டி. செருப்பை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். காலுக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும், புண் உள்ள காலுக்கு இன்னும் கவனம் வேண்டும். அங்கே இருக்கும் பணியாளரிடம் கேட்டு அவர்கள் வழியாகவே செய்யுங்கள். சூடான டம்ளரை அப்படியே கையில் கொடுக்காதீர்கள். அவருக்குச் சுடுவது தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். கைப்பிடி உள்ள கப், இல்லையென்றால் ஆற வைத்துக் கொடுங்கள்.

படம் எடுக்க வேண்டாம். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். விரல் இல்லாத கையில் நீங்கள் பொட்டலம் வைக்கும் படம் உங்கள் சபை வாட்ஸாப் குழுவில் சுற்றும்போது, அந்த மனிதரின் பேத்திக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்க்கலாம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

போனால் உட்காருங்கள். பாட்டுப் பாடி, ஜெபித்து, பொட்டலம் கொடுத்து, அரை மணி நேரத்தில் வேன் ஏறுவதைவிட, நான்கு பேர் மட்டும் போய் ஒரு மதியம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பது மேல். பிறகு திரும்பவும் போங்கள். வருவதாகச் சொன்ன நாளில் கட்டாயம் போங்கள், அவர்கள் காத்திருப்பார்கள்.

நேரமே இல்லை. பணம் மட்டும் கொடுத்தால் போதுமா?

கொடுங்கள், அதுவும் தேவை. சமாரியனும் சத்திரக்காரனிடம் பணம்தான் கொடுத்துவிட்டுப் போனான். ஒரே தடவை பெரிய தொகையைவிட மாதாமாதம் சிறு தொகை இல்லம் நடத்துகிறவர்களுக்கு உதவும், அவர்கள் திட்டமிட முடியும். கொடுக்கும் இடத்தில் ரசீதும் ஆண்டுக் கணக்கும் கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

உதவி செய்தும் நன்றியே இல்லை. மனம் வெறுத்துப் போகிறது.

பத்துப் பேரில் ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே கேட்டார், அவருக்கும் வருத்தம் இருந்திருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகம் திரும்ப எடுக்கப்பட்டதாக வேதத்தில் இல்லை. ஐம்பது வருடம் ஊரால் ஒதுக்கப்பட்ட ஒருவர் உங்களைப் பார்த்ததும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? சிலர் கோபமாகவே பேசுவார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் நீங்கள் இல்லை, ஆனால் அது வந்து விழுகிற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

உண்மையிலேயே களைத்துவிட்டால் ஓய்வெடுங்கள். சாப்பிடவும் நேரமில்லாமல் இருந்த சீஷர்களைத் தனியிடத்துக்கு வந்து சற்று இளைப்பாறச் சொன்னதும் அதே ஆண்டவர்தான்.

எங்கள் தெருவில் ஒருவருக்கு உடம்பில் தேமல் போல இருக்கிறது, தொட்டால் தெரியவில்லை என்கிறார். என்ன செய்வது?

தாமதிக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை, அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாமை, கைகால் மரத்துப்போதல், விரல் பலவீனம், ஆறாத புண் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். எல்லாத் தேமலும் தொழுநோய் இல்லை, மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். தொழுநோயாக இருந்தால் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் கைகாலில் ஊனம் வராது. சிகிச்சை நடக்கும்போது திடீரென்று படை சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, மாத்திரையை நிறுத்தாமல் உடனே அதே மருத்துவரிடம் போக வேண்டும்.

அவர் தயங்கினால் நீங்களும் கூடவே போங்கள், வரிசையில் பக்கத்தில் உட்காருங்கள். விஷயத்தைத் தெருவில் சொல்லாதீர்கள், ஜெபக் குறிப்பாகக்கூடச் சபையில் பெயர் சொல்லி அறிவிக்காதீர்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரிசோதனை தேவைப்படும், நோய் வராமல் தடுக்க ஒரு வேளை மருந்து கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. சுகாதாரப் பணியாளரிடம் கேட்டு அதையும் முடித்துக்கொண்டு வாருங்கள்.